விளாத்திகுளம் ரோட்டு மேகம்

அக்டோபர் 14, செவ்வாய்

ஜனவரியில் யாரோ கொடுத்த டைரி. ஒன்பது மாதமாகக் கடை மேசைக்குள் சும்மா கிடந்தது. இன்றைக்கு எடுத்து எழுத ஒரு காரணம் வந்துவிட்டது.

மதியத் தபாலில் சென்னையிலிருந்து ஒரு கடிதம். புகைப்படச் சங்கம் ஒன்று மாவட்டத்துக்கு ஒரு படம் என்று தேர்ந்தெடுத்துக் கண்காட்சி வைக்கிறதாம். தலைப்பு ‘மழைக்கு முன்’. நவம்பர் பத்தாம் தேதி சாயங்காலத்துக்குள் படம் போய்ச் சேர வேண்டும். அதற்கு முன் எங்கேயும் வெளிவந்திருக்கக் கூடாது.

எங்கள் மாவட்டத்துக்கு என் படம்தான். பெருமைக்குச் சொல்லவில்லை. தூத்துக்குடிப் பக்கம் இருக்கிறவர்கள் அத்தனை பேரும் கடலையும் படகையும் எடுத்து அனுப்புவார்கள். கோவில்பட்டியிலிருந்து விளாத்திகுளம் ரோட்டில் இருபத்தைந்து கிலோமீட்டர் போய்ப் பார்க்க எவனுக்கும் தோன்றாது. அங்கே கரிசல் காடும் மின்சாரக் காற்றாடிகளும் மட்டும்தான். ஒரு குன்று கிடையாது, ஒரு தோப்பு கிடையாது. ஐப்பசியில் சூரியன் மேற்கே விழுகிற நேரம் கிழக்கே மேகம் எழும்பினால், அடியிலிருந்து உச்சிவரை வெளிச்சம் ஏறும். ஐந்தே நிமிடம். அந்த ஐந்து நிமிடத்தில் அங்கே நிற்க வேண்டும், அவ்வளவுதான் வித்தை.

கடிதம் ‘திரு. ச. ஆவுடையப்பன், ஆவுடை ஸ்டூடியோ’ என்று என் வீட்டுக்காரர் பெயருக்கு வந்திருந்தது. இவர் படித்துவிட்டு என் பக்கம் தள்ளினார். “நீ போய் எடு செண்பகம். நம்ம பேர்ல அனுப்பிருவோம்” என்றார். நம்ம பேர் என்றால் இவர் பேர். இருக்கட்டும். யார் பேர் போட்டால் என்ன, படம் படம்தானே.

அக்டோபர் 16, வியாழன்

ஸ்கூட்டியில் போனேன். மேகம் எழும்பியது, பாதியிலேயே கலைந்துவிட்டது. திரும்பும்போது அரைக் கிலோ வெண்டைக்காய் வாங்கினேன். இரண்டு சுமாரான வானம் கிடைத்தது, வீணாகாது.

வானம் எங்கள் கடையில் வீணாவதே இல்லை. கல்யாணப் படங்களில் வானம் எப்போதும் வெள்ளையாகச் சப்பென்று இருக்கும். அதை வெட்டி எடுத்துவிட்டு, நான் எடுத்து வைத்திருக்கிற மேகங்களில் ஒன்றை ஒட்டுவது இவர் வேலை. கம்ப்யூட்டரில் ‘வானம்’ என்று ஒரு ஃபோல்டர் இருக்கிறது. முந்நூறுக்கு மேல் கிடக்கும். ஆவுடை ஸ்டூடியோ ஆல்பம் என்றால் வானத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். சாத்தூர் வரைக்கும் எங்களுக்கு அந்தப் பெயர் உண்டு.

அக்டோபர் 19, ஞாயிறு

நாளைக்குத் தீபாவளி. காலையிலிருந்து முறுக்கு. மேகம் நன்றாகத்தான் இருந்தது. எண்ணெய்ச் சட்டியை விட்டுவிட்டு எங்கே போவது.

அக்டோபர் 21, செவ்வாய்

இன்றைக்கும் வந்தது. நான் ஒரு குழந்தைக்குப் பாஸ்போர்ட் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். அது கண்ணைத் திறக்கவே இல்லை.

அக்டோபர் 24, வெள்ளி

இனாம்மணியாச்சியில் கல்யாணம். தாலி கட்டுகிற நேரத்துக்குச் சரியாக மழை கொட்டியது. பச்சரிசி தின்கிற பெண்ணின் கல்யாணத்தில் மழை வரும் என்பார்கள். பெண்ணைச் சுற்றி அத்தைமார்கள் நின்றுகொண்டு, கமுக்கமாகப் பச்சரிசியை எவ்வளவு தின்றாய் என்று கேட்டுக் கேட்டு அவள் முகத்தைச் சிவக்க வைத்துவிட்டார்கள். அந்த முகத்தை எடுத்துவிட்டேன். ஆல்பத்தில் அதுதான் முதல் பக்கம்.

எங்கள் வழக்கப்படிதான் எல்லாம். இவர் பெரிய கேமராவைக் கழுத்தில் போட்டு, இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, “மாப்ள, தலையக் கொஞ்சம் சாய்ங்க” என்று அதிகாரம் செய்வார். நான் பக்கத்தில் இன்னொரு கேமராவோடு நிற்பேன். கேட்டால் துணைக்கு வந்தவள். மாப்பிள்ளையின் மாமா ஒருவர் என் தோளைத் தொட்டு, தள்ளி நில்லும்மா, போட்டோக்காரர் எடுக்கட்டும் என்றார். தள்ளி நின்றேன். அங்கேயிருந்து கோணம் இன்னும் நன்றாக இருந்தது.

வீட்டுக்கு வந்து காப்பி போட்டேன். இவருக்கு அரை டம்ளர்.

அக்டோபர் 27, திங்கள்

எடுத்துவிட்டேன்.

நாலரைக்கே தெரிந்துவிட்டது. கிழக்கே ஒரே ஒரு மேகம், பக்கத்தில் துணைக்குக்கூட ஒன்று இல்லாமல், நேராக மேலே போய்க்கொண்டிருந்தது. இவரிடம் கடையைப் பார்க்கச் சொல்லிவிட்டு ஸ்கூட்டியை விரட்டினேன். காற்றாடிகளைத் தாண்டி நிறுத்தினபோது ஐந்தரை. உளுந்து முளைத்து இரண்டு இலை விட்டிருந்தது. வேறு எதுவும் இல்லை, தரையும் மேகமும்தான். சூரியன் எனக்குப் பின்னால் இறங்க இறங்க மேகத்தின் அடி கறுத்தது, இடுப்பு செம்பு நிறமாயிற்று, உச்சி மட்டும் வெள்ளையாகவே நின்றது. அதன் வயிற்றுக்குள்ளே மின்னல் வெட்டிக்கொண்டிருந்தது. சத்தமே இல்லை.

இருபது வருடத்தில் இப்படி ஒன்று பார்த்ததில்லை. நாற்பத்தொரு படம். பதினெட்டாவதுதான் படம். வண்டியைத் திருப்பும்போது கண்ணில் தூசி விழுந்து கொஞ்சநேரம் ஓட்ட முடியவில்லை.

இவர் திரையில் பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு என் தலையில் ஒரு தட்டுத் தட்டினார். அதற்கு அர்த்தம் எனக்குத் தெரியும்.

அக்டோபர் 28, செவ்வாய்

படத்தைத் தூங்கி எழுந்து பார்த்தாலும் நன்றாகத்தான் இருக்கிறது. பத்தாம் தேதிக்கு நிறைய நாள் இருக்கிறது, அவசரமில்லை. விண்ணப்பத்தில் எடுத்தவர் பெயர் என்று ஒரு கட்டம். அதைக் கடைசியில் எழுதிக்கொள்ளலாம்.

அக்டோபர் 31, வெள்ளி

பஸ் ஸ்டாண்டு முக்கில் இருபதடி ஃபிளெக்ஸ் போர்டு. ஞாயிற்றுக்கிழமைக் கல்யாணத்துக்கு வரவேற்பு. மணமக்கள் சிரிக்கிறார்கள், இரண்டு புறா பறக்கிறது, பின்னால் என் மேகம். ரோஸ் நிறத்தில்.

காய்கறிப் பையோடு நடுரோட்டில் நின்றுவிட்டேன். ஆட்டோக்காரர் திட்டின பிறகுதான் நகர்ந்தேன்.

கடைக்குப் போய் வாய்க்கு வந்ததெல்லாம் கேட்டேன். இவருக்கு ஒன்றுமே புரியவில்லை. “வானம் ஃபோல்டர்ல கெடந்துச்சு. நல்லா இருந்துச்சு, ஒட்டுனேன். பொண்ணு வீட்ல கறுப்பு ஆகாதுன்னாக, ரோஸ் ஆக்குனேன்” என்றார். சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன செய்தோம் என்று அவருக்கே உறைத்தது. நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அந்த முகத்தைப் பார்த்தும் நான் விடவில்லை. இன்னும் நாலு வார்த்தை கேட்டேன்.

அந்த ஃபோல்டரில் போட்டது நான்தான். கார்டிலிருந்து இறக்கும்போது கை பழக்கத்தில் அங்கேதான் போட்டிருக்கிறேன். இங்கே எழுதுகிறேன். அவரிடம் சொல்லவில்லை.

நவம்பர் 1, சனி

சென்னைச் சங்கத்துக்குப் போன் செய்தேன். ஒரு பெண் எடுத்தார், தன்மையாகப் பேசினார். ஃபிளெக்ஸில் வந்தாலும் வெளிவந்ததுதான், நிறத்தை மாற்றினாலும், அதே மேகத்தின் இன்னொரு படமானாலும் அதேதான், ஆனால் கடைசித் தேதிக்கு இன்னும் நாள் இருக்கிறதே, வேறு ஒன்று அனுப்புங்கள் என்றார். பிறகு ஆவுடையப்பன் சாரிடம் கொடுக்க முடியுமா, எப்படிப்பட்ட படம் என்று அவரிடமே சொல்லிவிடுகிறேன் என்றார்.

“படம் எடுத்தது நாந்தாங்க” என்றேன்.

இந்த வார்த்தையை வெளியாள் ஒருவரிடம் நான் சொன்னது இதுதான் முதல் தடவை. அந்தப் பெண்ணுக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை. அப்படியென்றால் உங்கள் பெயரில்தான் வர வேண்டும் மேடம், வேறு ஒருவர் பெயரில் வந்தால் எடுக்க மாட்டோம் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். திரும்பினால் இவர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். கேட்டிருப்பார் என்றுதான் நினைக்கிறேன். சாப்பாட்டுக்கு என்ன குழம்பு என்றார்.

நவம்பர் 2, ஞாயிறு

எழுதக்கூடாது என்றுதான் இருந்தேன். இந்த டைரியை யார் படிக்கப்போகிறார்கள்.

இவருக்குக் கை நடுங்கும். ஆறு வருடமாக. உயிருக்கு ஒன்றும் ஆபத்தில்லை, ஆனால் குறையாது, கூடும் என்று மதுரை டாக்டர் சொல்லிவிட்டார். சும்மா இருக்கும்போது தெரியாது. ஒன்றைத் தூக்கிப் பிடித்தால்தான் ஆடும். மவுஸை மேசையோடு அழுத்திக்கொண்டால் வேலை ஓடிவிடுகிறது. கேமரா ஓடாது. கயத்தாற்றில் ஒரு கல்யாணத்தில் தாலி கட்டின நாற்பது படமும் கலங்கிப் போயிருந்தது. அன்றைக்கு நான் சும்மா ஆசைக்குப் பழைய கேமராவில் எடுத்த நாலு படம் மானத்தைக் காப்பாற்றியது. அன்றிலிருந்து எடுப்பது நான், பெயர் அவருக்கு. “வெளிய தெரிஞ்சா எவன் நம்மளக் கூப்பிடுவான்” என்றார். கழுத்தில் கேமரா தொங்கினால் கை ஆடுவது தெரியாது என்பதைக் கண்டுபிடித்தது நான்தான்.

ஆக, என் பெயரில் படம் சென்னைக்குப் போய், பேப்பரில் வந்து, ஊர் பார்த்தால், அவர் கதி என்ன? இருபத்தாறு வருடம் போட்டோக்காரர் என்றே தெரிந்த மனிதர். என் பெயர் போடவில்லை என்றால் படமே கிடையாது. இவ்வளவுதான் விஷயம். நான் ஒன்றும் ராத்திரி தூக்கம் கெட்டுக் கிடக்கவில்லை.

நவம்பர் 4, செவ்வாய்

வானம் துடைத்து வைத்த மாதிரி இருக்கிறது. புழுக்கம். லென்ஸ் எல்லாம் துடைத்தேன்.

நவம்பர் 5, புதன்

மேகம் சுமார்தான். இவர் மொட்டை மாடியில் நின்றுகொண்டு, ஏ செண்பகம், வந்து பாரு, வண்டியை எடு என்று மூன்று தடவை கத்தினார். நான் மாவு ஆட்டிக்கொண்டிருந்தேன். மாவைப் பாதியில் விட்டால் இட்லி கல்லாகிவிடும். இதை அவரிடம் சொன்னேன். கீழே இறங்கி வந்து என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

நவம்பர் 6, வியாழன்

மேகம் இல்லை. (இருந்தது.)

நவம்பர் 7, வெள்ளி

காலையில் காப்பி குடிக்கும்போது, படம் கிடைத்தால் யார் பேரைப் போடுவாய் என்று கேட்டார். படமே இல்லாமல் பேருக்கு என்ன அவசரம் என்றேன். “எனக்காகப் போகாம இருக்கியா?” என்றார். ஆமாம் என்று சொல்ல எனக்கு என்ன பைத்தியமா. இடுப்பு வலி என்றேன்.

நவம்பர் 9, ஞாயிறு

அவசரமாக எழுதுகிறேன். நாளைக்கு முகூர்த்தம், ஐந்து மணிக்கு எழுந்திருக்க வேண்டும்.

இன்றைக்குச் சாயங்காலம் ஆறரைக்குப் பக்கத்துத் தெரு வேலம்மாள் வீட்டு ரிசப்ஷன், நாளைக் காலை அவர்கள் மகளுக்குக் கல்யாணம். நாலு மணிக்குப் பைகளைக் கட்டிக்கொண்டிருந்தோம். இவர் வெளியே போய் வானத்தைப் பார்த்துவிட்டு வந்து என் பையிலிருந்து இரண்டாவது கேமராவை எடுத்து என் கையில் கொடுத்தார். போ என்றார். ரிசப்ஷன் என்றேன். நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். நீங்கள் எப்படி என்று கேட்க வாய் வரை வந்துவிட்டது, விழுங்கிவிட்டேன். அவரே சொன்னார்: “எப்படிங்கறது என் பாடு. போன மேகத்த நான் கெடுத்தேன். இதையும் நீ விட்டா அதுவும் என் தலையிலதான் விடியும். கெளம்பு.”

கிளம்பிவிட்டேன். எட்டையபுரம் தாண்டும்வரை பாதி மனது மண்டபத்தில்தான் இருந்தது. பிறகு மேகத்தைப் பார்த்தேன், மண்டபம் மறந்துவிட்டது. உண்மையைச் சொல்லுவதற்கென்ன.

போனது மாதிரி ஒற்றை மேகம் இல்லை இது. வடகிழக்கு முழுவதும் ஒரே சுவர். அதன் கீழ் விளிம்பு தரைக்குக் கிட்டத்தில் சுருண்டு சுருண்டு என் பக்கம் வந்துகொண்டிருந்தது. மேற்கே மட்டும் ஒரு கையகலம் வானம் திறந்திருந்தது. சூரியன் அந்த இடத்துக்கு இறங்க வேண்டும், சுவர் அதற்குள் வந்துவிடக் கூடாது. இரண்டுக்கும் நடுவில் நான், என் கேமரா ஸ்டாண்டு, பத்து நிமிடம். ஆட்டுக்காரர் ஒருவர் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு மந்தையைத் திருப்பிக்கொண்டிருந்தார். ஐந்து நாற்பத்தெட்டுக்குச் சூரியன் இறங்கிற்று. வெளிச்சம் கரிசலைத் தொடவில்லை, ஆடுகளின் முதுகில் மட்டும் விழுந்தது. பின்னால் மலை மலையாகக் கறுப்பு. எடுத்தேன். இன்னொன்று எடுத்தேன். மூன்றாவது எடுக்கும்போது அடுத்த புஞ்சையில் இடி விழுந்தது.

பயந்துவிட்டேன். ஸ்டாண்டை அங்கேயே போட்டுவிட்டு, கேமராவை முந்தானையில் சுற்றி, பஸ் நிறுத்தத்துக்கு ஓடினேன். ஆட்டுக்காரரும் வந்து சேர்ந்தார். என்னத்தைத் தேடி வந்தீர்கள் என்றார். காட்டினேன். தன் ஆடுகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்துவிட்டு, ஒன்று மறைந்து நிற்கிறது என்றார்.

மழை தணிந்ததும் கிளம்பி, நனைந்த சேலையோடு மண்டபத்துக்குப் போனபோது ஏழரை. மாப்பிள்ளையும் பெண்ணும் மேடையில் அப்போதுதான் வந்து நின்ற மாதிரி பளிச்சென்று நின்றார்கள். இவர் மேடைக்குக் கீழே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கழுத்தில் கேமரா இல்லை. பியூட்டி பார்லரில் லேட் ஆகிவிட்டது, நீ சரியான நேரத்துக்குத்தான் வந்திருக்கிறாய் என்றார். அதிர்ஷ்டம்தான். வேலம்மாள் யார் சேலையையோ கொண்டுவந்து மாற்றச் சொல்லிக் கொடுத்தார்கள். மளமளவென்று எடுத்து முடித்தேன்.

நவம்பர் 10, திங்கள்

படம் சரியாக இரண்டு மணிக்குப் போய்விட்டது. கிடைத்தது என்று பதிலும் வந்துவிட்டது. எங்கள் மாவட்டத்துக்கு அதுதான், எனக்குச் சந்தேகமே இல்லை. எடுத்தவர் பெயர் கட்டத்தில் இவரே டைப் அடித்தார். ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி, இரண்டு தடவை தப்பாகி அழித்து அடித்தார். நான் அடிக்கிறேன் என்றதற்குக் கையைத் தட்டிவிட்டார். செண்பகவல்லி. இனிஷியல் என் அப்பாவுடையதா அவருடையதா என்று கேட்டார். இரண்டும் வேண்டாம் என்றேன்.

காலையில் நடந்ததை எழுத வேண்டும்.

ஆறு மணிக்கு மண்டபத்துக்குள் நுழைந்ததும், “போட்டோக்காரம்மா வந்துட்டாக, வழி விடுங்க” என்று யாரோ சொன்னார்கள். எனக்குப் பின்னால் வேறு யாரும் வருகிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன். பெண்ணுக்கு அலங்காரம் நடக்கிற அறையில் வேலம்மாள் என்னை ஓரமாக இழுத்துக்கொண்டு போனார்கள்.

“உனக்குத் தெரியுமா தெரியாதா?” என்றார்கள்.

என்ன என்றேன்.

“நேத்துப் பொண்ணும் மாப்ளையும் ஆறரைக்கே மேடைக்கு வந்துட்டாக. பார்லரும் இல்ல, ஒண்ணும் இல்ல. அண்ணாச்சி நேரா மேடையில ஏறி, பாட்டுக் கச்சேரிக்காரன்ட்ட மைக்க வாங்குனாரு. ஆறு வருசமா என் கையில கேமரா நிக்காது, பாருங்கன்னு கைய நீட்டுனாரு. ஆடுது. பயலுக வெளையாட்டுன்னு சிரிச்சானுக. அவரு கைய எறக்கவே இல்ல. நீங்க வீட்ல மாட்டி வச்சிருக்கிற படமெல்லாம் எம் பொண்டாட்டி எடுத்தது. நான் சும்மா நின்னவன். இன்னைக்கு அவ ஒரு மேகம் எடுக்கப் போயிருக்கா. ஏழரைக்கு வந்துருவா. முடிஞ்சவுக இருங்க, முடியாதவுக என்ன மன்னிச்சிருங்கன்னாரு.”

எத்தனை பேர் எழுந்து போனார்கள் என்று கேட்டேன்.

“ஒருத்தர் எந்திரிக்கலம்மா. எம் மருமகன்தான் மொதல்ல, நாங்க இருக்கோம் மாமான்னாரு. உக்காந்து நாலு பாட்டுக் கேட்டோம்.”

அழுகை வந்தது. அழுதேன். பெண்ணுக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தவள் என்னவோ ஏதோவென்று பயந்துவிட்டாள். முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தால், இவர் ஒன்றும் தெரியாதவர் மாதிரி பெட்டியிலிருந்து ஒயரைப் பிரித்துக்கொண்டிருந்தார். கேட்கலாம் என்று வாயெடுத்தேன். அதற்குள் ஐயர் மாப்பிள்ளையை மணையில் உட்காரச் சொல்லிவிட்டார்.

தாலி கட்டுகிற நேரத்தில் எப்போதும் நடக்கிறதுதான். சித்தப்பா பெரியப்பா எல்லோரும் மேடையில் ஏறி அட்சதையோடு முண்டியடித்தார்கள். ஸ்டாண்டில் நின்ற இரண்டு விளக்கையும் மறைத்துவிட்டார்கள். பெண்ணின் முகம் இருட்டிவிட்டது. கெட்டிமேளம் ஆரம்பித்துவிட்டது. கத்தினால் யாருக்கும் கேட்காது.

இவர் ஒரு விளக்கை ஸ்டாண்டிலிருந்து கழற்றினார். கூட்டத்துக்குள் புகுந்து என் பக்கத்தில் வந்து நின்று, அதைத் தலைக்கு மேலே, எல்லோருக்கும் மேலே, இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தார். ஊரே பார்க்கிறது. கை ஆடுகிறது. வெளிச்சம் ஆடுகிறது. பெண்ணின் கழுத்தில் மாப்பிள்ளை கையின் நிழல் நிலையில்லாமல் ஓடுகிறது.

“சரியா இருக்கா?” என்று கேட்டார்.

“இன்னும் கொஞ்சம் மேல” என்றேன்.

தூக்கினார். ஷட்டர் வேகத்தை இரண்டு படி கூட்டிக்கொண்டு எடுத்தேன். ஒரு படம்கூடக் கலங்கவில்லை.